ஆறு மூக்குகளும் ஒரு காலிப் பையும்

காயல்முக்கு வாசகசாலையின் படியேறும்போதே பொன்னப்பனுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

இத்தனைக்கும் பரிமளா எலும்பு மில்லுக்கு அன்று விடுமுறை. நாற்றத்தை விசாரிக்க அரசாங்கம் போட்ட கமிட்டி வருகிற சமயத்தில் மட்டும் அந்த முதலாளிக்குத் தொழிலாளர்கள் மேல் திடீர்ப் பாசம் பொங்கும். எலும்பு அவிக்கிற கொப்பரை அடுப்புகளை அணைத்து, எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார். ஆனால் நாற்றத்துக்கு விடுமுறை கொடுக்க அவரால் முடியவில்லை. சுவரிலும் ஜன்னல் கம்பியிலும் அலமாரிப் புத்தகங்களிலும்கூட அது ஏறி உட்கார்ந்திருந்தது. செத்த மாட்டை அவித்த நாற்றம். பொன்னப்பன் மூக்கின் மேல் துண்டை வைத்துக்கொண்டான். துண்டும் நாறியது.

“எலும்பு மில்லுக்குப் பரிமளான்னு பேர் வெச்ச ஆளை நான் ஒரு தடவை பார்க்கணும் டீச்சர்.”

“எதுக்குடா? கால்ல விழவா?”

“இல்ல. எனக்குக் குழந்தை பொறந்தா பேர் வைக்க அந்தாளைக் கூப்பிடக் கூடாதில்ல, அதுக்கு.”

தரகன் குடும்பத்துச் சாராம்மா டீச்சர் சிரிக்கவில்லை. கோட்டயத்தில் ஒரு கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு துப்பறிகிறார். துப்பறிவதும் கணக்குத்தான், ஆனால் பையன்கள் கொட்டாவி விடமாட்டார்கள் என்பார். அவரிடம் உதவியாளனாக இருப்பதென்றால் பாதி நாள் திட்டு வாங்குவது, மீதி நாள் நாறுகிற இடங்களுக்குப் போவது. இன்று இரண்டும் சேர்ந்து வந்திருந்தது.

உள்ளே அவர்களை வரவழைத்த நீரஜா காத்திருந்தாள். அழுது அழுது கண்ணைச் சுற்றி வீங்கியிருந்தது. காற்றில் உள்ள அழுகிய முட்டை வாயுவை அளக்கும் கருவியை வைத்து ஆராய்ச்சி செய்த பெண். மில்லைச் சுற்றி அந்த வாயு அளவுக்கு மேல், பல மடங்கு மேல் இருக்கிறது என்று எழுதினாள். கருவியில் அவள் கைவைத்துவிட்டாள் என்று மில்காரன் எழுதினான். கல்லூரி அவளை வெளியே நிறுத்தியது. கமிட்டி கூடி யோசித்து, கருவியை ஏமாற்றலாம், மனிதன் மூக்கை ஏமாற்ற முடியாது என்று முடிவு கட்டியது. ஊரிலிருந்து ஆறு பேரைப் பொறுக்கி எடுத்தார்கள். மில் காற்றைப் பைகளில் பிடித்து வந்து மோந்து பார்க்கச் சொன்னார்கள். ஆறு பேரும் ஒரே குரலில், நாற்றமே இல்லை என்றார்கள்.

நாளைக் காலை கமிட்டியின் முன்னால் கடைசித் தடவையாக மோந்து பார்க்கப் போகிறார்கள். நாளையும் அதே பதில் வந்தால் நீரஜாவின் ஆராய்ச்சி குப்பைக்குப் போகும். பொய்க்கணக்கு எழுதினாள் என்று போலீஸில் கொடுக்க மில் வக்கீல் புகாரோடு தயாராக இருந்தார்.

“எப்படி அளக்கறீங்க, இந்தக் கழுதைக்குப் புரியற மாதிரி சொல்லு மோளே,” என்றார் சாராம்மா.

நீரஜா மேஜை மேலிருந்த பிளாஸ்டிக் பைகளைக் காட்டினாள். ஒவ்வொன்றிலும் ஒரு குழாய். “மில் காத்துல சுத்தமான காத்தைக் கலந்துக்கிட்டே போவோம் டீச்சர். எத்தனை மடங்கு கலந்த பிறகும் மூக்கு கண்டுபிடிக்குதோ, அத்தனை நாத்தம்னு கணக்கு. நடுநடுவுல வெறும் சுத்தக் காத்து அடைச்ச காலிப் பையையும் வைப்போம். நாத்தம் தெரிஞ்சா கையைத் தூக்கணும்.”

“எடா பொன்னப்பா, மோந்து பாரு.”

பொன்னப்பன் மூன்று பைகளை மோந்தான். முதலாவதில் ஒன்றுமில்லை என்றான். இரண்டாவதில் பழைய செருப்பு என்றான். மூன்றாவதை மோந்துவிட்டு முகத்தைச் சுளித்தான். “இது மில்லேதான். அந்த மாட்டோட பேரைக்கூட சொல்லிடுவேன்.”

“மூணுமே காலிப் பைங்க சேட்டா,” என்றாள் நீரஜா தயக்கத்தோடு.

பொன்னப்பன் கழுத்தைச் சொறிந்துகொண்டான். ஆனால் சாராம்மாவின் முகம் அன்றைக்கு முதல் தடவையாக மலர்ந்தது.

“பார்த்தியா, இதுதான் மனுஷ மூக்கு! சரி, அந்த ஆறு பேரு காலிப் பையில எத்தனை தடவை கையைத் தூக்கினாங்க?”

“ஒரு தடவைகூட இல்ல டீச்சர்.”

“ஒரே ஒரு தடவைகூடவா?”

“அப்படிப்பட்டவங்களைத்தானே பொறுக்கி எடுத்தோம். ஊரே திரண்டு வந்தது. காலிப் பையில வாசனை இருக்குன்னு சொன்னவங்களை அப்பவே திருப்பி அனுப்பிட்டோம். அளவு கறாரா இருக்கணும்னு நானும் ஒத்துக்கிட்டேன்.” சொல்லும்போது அவள் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

சாராம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “மருந்து ஆராய்ச்சியில வெறும் சர்க்கரை மாத்திரை கொடுத்தாலும் சில பேருக்குத் தலைவலி போயிடும். காது டெஸ்டுல சத்தமே போடாதப்போ சில பேர் பட்டனை அமுக்குவாங்க. பறவை எண்ணப் போறவன் இல்லாத பறவையைப் பார்த்துட்டு வருவான். மனுஷனையே கருவியா வெச்சு அளக்கற இடத்துல எல்லாம் இந்தத் தப்பு கொஞ்சம் இருக்கும். அதைக் கழிச்சுட்டுக் கணக்குப் போடணும். தப்பே வரலைன்னாத்தான் எனக்கு வயித்தைக் கலக்கும்.”

“இதுல கலங்க என்ன இருக்கு டீச்சர்? ஆறு பேர் கையிலயும் மில்காரன் காசைத் திணிச்சிருக்கான். கையைத் தூக்காம இருக்கக் கூலி,” என்றான் பொன்னப்பன்.

“அதையும் அளந்துதான் பார்க்கணும்.”

அப்போது டாக்டர் ஈப்பச்சன் உள்ளே வந்தார். எர்ணாகுளத்தில் சொந்தமாக ஆய்வகம் வைத்திருப்பவர். இந்த மூக்குப் பரிசோதனையை நடத்தித் தர மில்காரன் அழைத்து வந்த நிபுணர். அத்தர் தெளித்த கைக்குட்டையை மூக்கருகே பிடித்தபடி பேசினார். நாற்றமே இல்லை என்று அறிக்கை எழுதிய ஆளுக்குக் கைக்குட்டை எதற்கு என்று பொன்னப்பனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“துப்பறியும் மேடமா? வாங்க வாங்க. இந்தக் குட்டிக்காக இவ்வளவு தூரம் அலையணுமா? சின்ன வயசு, சீக்கிரம் பேர் வாங்கணும்னு ஆசை. கருவியில முள்ளு கொஞ்சம் மேல போயிடுச்சு.”

“அந்த ஆறு பேருக்கும் மூக்கு வேலை செய்யுதுன்னு எப்படிப் பார்த்தீங்க டாக்டர்?”

“கமிட்டி கண்ணு முன்னால மேடம்! அமோனியா பாட்டிலைத் திறந்து காட்டினேன். ஆறு பேரும் தலையைப் பின்னால இழுத்துட்டாங்க, கண்ணுல தண்ணி. கலெக்டர் ஆபீஸ் ஆளு சிரிசிரின்னு சிரிச்சாரு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? குட்டியும் கையெழுத்துப் போட்டிருக்காளே.”

நீரஜா தலையைக் குனிந்துகொண்டாள். ஈப்பச்சன் அவள் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். அந்தத் தட்டலைப் பார்க்கப் பொன்னப்பனுக்கு மில் நாற்றமே தேவலை என்றிருந்தது.

சாராம்மா மேஜையில் இருந்த அமோனியா பாட்டிலைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பொன்னப்பனைப் பார்த்தார். அந்தப் பார்வை அவனுக்குத் தெரியும். நல்லதுக்கு அல்ல.

“மத்தியானம் அந்த ஆறு பேருக்கும் இங்கேதான் சோறு. நீ சேர்த்தலை சந்தைக்குப் போ. இருக்கறதிலேயே அழுகின மீனா வாங்கிட்டு வா.”

“டீச்சர், ஜாதகப்படி எனக்கு இன்னைக்கு நல்ல நாளு.”

“காசு வாங்கினவன் கையைக் கட்டிப்பான்டா. ஆனா சாப்பிட்டுட்டு இருக்கும்போது திடீர்னு அழுகல் நாத்தம் வந்தா முகம் தானா சுளிக்கும். முகத்துக்கு யாரும் லஞ்சம் கொடுக்க முடியாது. ஓடு.”

சந்தையில் மீன்காரி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். “நேத்து முழுக்க வெயில்ல கிடந்த மத்தி இருக்கு. பூனைக்கா?”

“இல்ல சேச்சி, டாக்டருக்கு.”

வாழையிலைப் பொதியாகக் கட்டிக்கொடுத்தாள். திரும்பி வரும் பஸ்ஸில் முதலில் பக்கத்து ஆள் எழுந்தான். பிறகு முன்வரிசை காலியானது. கடைசியில் கண்டக்டர் விசிலடித்து, “உன் வீட்டுல யாராவது செத்துட்டா ஆம்புலன்ஸ்ல கொண்டு போ,” என்று சொல்லி அவனை நடுவழியில் இறக்கிவிட்டார். மீதி தூரத்தைக் கையை நீட்டிப் பிடித்தபடி நடந்தே வந்தான். நாய்கள் பின்தொடர்ந்தன. வாழ்க்கையில் முதல் தடவையாகத் தனக்கென்று ஒரு ஊர்வலம் போவதாக நினைத்துக்கொண்டான்.

வாசகசாலையில் பந்தி ஆரம்பித்திருந்தது. சிவப்பரிசிச் சோறு, சாம்பார், அயிலை மீன் கறி, பப்படம். ஆறு பேரும் நீள மேஜையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நான்கு ஆண்கள், இரண்டு பெண்கள். யாரும் ஐம்பதுக்குக் குறைவில்லை. ஈப்பச்சன் மேஜையின் ஒரு கோடியில் உட்கார்ந்து வெள்ளரிக்காய் மென்றுகொண்டிருந்தார். பொன்னப்பன் தண்ணீர் ஊற்றுகிற சாக்கில் மேஜைக்கடியில் குனிந்து பொதியை அவிழ்த்து வைத்தான். ஒரு புழு இலையின் விளிம்பில் தலையைத் தூக்கிப் பார்த்தது.

சாம்பார் வாளியோடு வந்த பையன் பாதி வழியில் நின்றான். முகம் பச்சையானது. வாளியை அப்படியே தரையில் வைத்துவிட்டு வெளியே ஓடினான். சோறு பரிமாறிய அம்மாள், “கர்த்தாவே!” என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பின்னால் ஓடினாள். ஈப்பச்சன் கைக்குட்டையை எடுத்தார். கைக்குட்டை போதவில்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டு, யாரையும் பார்க்காமல் வேகமாக வாசலைத் தாண்டினார்.

ஆறு பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

சுளிப்பு இல்லை, முகம் மாறவில்லை. ஒருவர் பப்படத்தை நொறுக்கிச் சோற்றில் பிசைந்தார். கடைசியில் இருந்த தேவயானி என்ற அம்மாள், காலடியில் அந்தப் பொதி திறந்து கிடக்க, அயிலைத் துண்டை முள் நீக்கி வாயில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

“எல்லாரும் எங்கே போனாங்க மோனே? கொஞ்சம் மோர் கிடைக்குமா?”

பொன்னப்பன் தண்ணீர்ச் சொம்பை அங்கேயே வைத்தான். பின்வாசல் வழியாக ஓடி, பலாமரத்தடியில் வயிற்றில் இருந்ததையெல்லாம் கொட்டினான். மீனின் நாற்றம் பாதி. அந்த நாற்றத்தின் மேலேயே உட்கார்ந்து அவள் ருசித்துச் சாப்பிட்டது மீதி. ஒரு மனுஷியின் சோற்றுத் தட்டுக்குக் கீழே அழுகலை வைத்தது தன் கைதான். வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து பொதியைச் சுருட்டித் தூரக் கொண்டுபோய்ப் புதைத்தான்.

“இவங்க லஞ்சம் வாங்கலை டீச்சர்,” என்றான் திரும்பி வந்து. வேடிக்கை பேச நாக்கு எழவில்லை. “இவங்களுக்கு மூக்கே இல்ல.”

“சாப்பாட்டை முடிக்கட்டும்,” என்றார் சாராம்மா. அவர் முகமும் நன்றாக இல்லை.

மற்றவர்கள் வீட்டுக்குப் போன பிறகு தேவயானி மட்டும் இருந்தாள். பரிமாறியவர்கள் ஓடிவிட்டதால் பாத்திரங்களைத் தானே கழுவி வைக்கிறேன் என்று உடுத்தியிருந்த துணியைத் தூக்கிச் செருகிக்கொண்டாள். சாராம்மா அவளைக் கையைப் பிடித்து மேஜைக்கு அழைத்து வந்தார். நீரஜா எதிரில் உட்கார்ந்தாள்.

“சேச்சி எப்பவாவது மில்லுல வேலை பார்த்திருக்கீங்களா?”

“பார்க்காம? அவிக்கற கொட்டகையிலதான். இடுப்பு போனப்புறம் நின்னுட்டேன். நாங்க ஆறு பேருமே பழைய கொட்டகை ஆளுங்கதான். இப்போ வேலை பார்க்கறவங்க கூடாதுன்னுதானே சட்டம்? அதான் டாக்டர் சாரே ஆளனுப்பி வரச் சொன்னாரு.”

“அப்போ நாத்தம் எப்படி இருக்கும்?”

“ஐயோ! முதல்ல எல்லாம் சோறு இறங்காது. அப்புறம் பழகிடுச்சு. இப்போ புதுப் புகைபோக்கி வெச்சப்புறம் சுத்தமா நின்னுடுச்சே. மருமக மட்டும் இங்கே வர்றப்பல்லாம் நாறுதுன்னு மூக்கைப் பொத்திக்குவா. பட்டணத்துக்காரி, அவளுக்கு எதைத் தொட்டாலும் குறை.”

சாராம்மா அடுக்களையிலிருந்து இரண்டு காகிதப் பொட்டலங்களைக் கொண்டுவந்தார். ஒன்றில் காப்பிப்பொடி. இன்னொன்றில் பாத்திரம் தேய்க்கிற செங்கல்பொடி. தேவயானியைக் கண்ணை மூடச் சொல்லி ஒவ்வொன்றாக மூக்கருகே பிடித்தார்.

“இதுல எது காப்பி?”

தேவயானி மோந்தாள். இன்னொரு தடவை மோந்தாள். “ரெண்டும் ஒண்ணுதானே?” என்றாள் சிரித்துக்கொண்டே.

பிறகு சாராம்மா அமோனியா பாட்டிலைத் திறந்தார். தேவயானி சட்டென்று தலையை இழுத்துக்கொண்டாள். கண் கலங்கியது.

“எப்படி இருக்கு சேச்சி?”

“எரியுது!”

“வாசனை?”

அவள் யோசித்தாள். “வாசனைன்னு… எரியுதுன்னுதான் சொல்ல முடியும்.”

சாராம்மா பாட்டிலை மூடி நீரஜா பக்கம் தள்ளினார். “வெங்காயம் நறுக்கினா கண்ணு எரியுதில்ல? கண்ணு மோந்தா பார்க்குது? எரிச்சல் போற பாதை வேற, வாசனை போற பாதை வேற. மூக்கு செத்தவனுக்கும் அமோனியா எரியும். அந்த ஆளு பத்து வாசனையை விட்டுட்டு இதை எதுக்கு எடுத்தான்னு இப்பப் புரியுதா? முதல்ல உன் காலிப்பை விதி. உயிருள்ள மூக்கு எப்பவாவது தப்பு பண்ணும், அதுங்களை எல்லாம் வெளியே தள்ளியாச்சு. தப்பே பண்ணாத மூக்குன்னு மிஞ்சினது செத்த மூக்கு. அப்புறம் அமோனியா. செத்த மூக்கும் பாஸ்.”

நீரஜா பாட்டிலைத் தள்ளி வைத்தாள். “ரெண்டுலேயும் என் கையெழுத்து இருக்கு டீச்சர். நாளைக்கு இதை நான் சொன்னா, என்னை முட்டாள்னுதானே சொல்வாங்க?”

“சொல்வாங்க. முட்டாள்னு பேர் வாங்கிட்டு வீட்டுக்குப் போகலாம். திருடின்னு பேர் வாங்கினா ஜெயிலுக்குப் போகணும். இன்னொண்ணு கேளு. நாத்தமே இல்லைன்னு அந்த ஆளு காட்டின பூஜ்ஜியம் இருக்கே, அது காத்தோட அளவு இல்லடி. அந்தக் கொட்டகை ஆறு மனுஷங்களை என்ன பண்ணிச்சுங்கறதுக்கு அளவு. உன் கருவி சொன்னதை ஆறு மூக்கும் செத்துப்போய் நிரூபிச்சிருக்கு. சேச்சி மட்டும் நாளைக்கு வந்து இந்தக் காப்பிப்பொடியைக் கமிட்டிக்கு முன்னால மோந்து காட்டினாப் போதும்.”

தேவயானி இத்தனை நேரமும் ஒவ்வொருவர் வாயாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். காப்பிப் பொட்டலத்தைத் தானே எடுத்து இன்னொரு தடவை மோந்தாள். நாக்கில் ஒரு துளி வைத்துப் பார்த்தாள். கசந்ததும் கை நின்றது.

“எனக்கு மூக்கு போயிடுச்சுன்னா சொல்றீங்க?”

சாராம்மா ஆமாம் என்று தலையாட்டினார்.

“டாக்டர் சாருக்கு இது தெரியுமா?”

கைக்குட்டையோடு ஈப்பச்சன் அதே நேரத்தில் உள்ளே எட்டிப் பார்த்தார். நாற்றம் போய்விட்டதா என்று சோதித்துவிட்டு இரண்டடி உள்ளே வந்தார். “இன்னும் போகலையா சேச்சி? நாளைக்குப் பத்து மணிக்கு வந்துடணும். எப்பவும் போல மோந்துட்டு, சும்மா உக்காந்திருந்தாப் போதும்.”

“சாரே, எனக்கு மூக்கு இல்லைன்னு உங்களுக்கு எப்போ தெரியும்?”

ஈப்பச்சன் மேஜை மேலிருந்த பொட்டலங்களையும் பாட்டிலையும் பார்த்தார். சாராம்மாவைப் பார்த்தார். சிரிக்கப் பார்த்து, பாதியில் விட்டுவிட்டார். “அது… வயசானா கொஞ்சம் குறையும் சேச்சி. அதுல ஒண்ணும் ஆபத்தில்ல.”

“எப்போ தெரியும்னு கேட்டேன்.”

“எடுக்கும்போதே ஒரு சந்தேகம் இருந்தது. நான் காத்தை அளக்க வந்தவன், வைத்தியம் பார்க்க வரலை.”

“எங்களை எடுத்தது விஷுவுக்கு முன்னால,” என்றாள் தேவயானி. தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி இருந்தது. “அவர் போனது அஞ்சாறு மாசம் கழிச்சு, ஓணத்துக்கு அப்புறம்.”

எவர் என்று கேட்கப் பொன்னப்பனுக்குத் தைரியம் வரவில்லை. சாராம்மாதான் மெதுவாகக் கேட்டார்.

“என் புருஷன். அவரும் கொட்டகை ஆளுதான். அடுக்களையில கேஸ் கசிஞ்சு தீப்பிடிச்சுதான் போனாரு. விடியகாலையில இருந்தே கசிஞ்சிருக்கு, வீடு பூரா நாறியிருக்கும், உனக்கு எப்படித் தெரியாமப் போச்சுன்னு போலீஸ் கேட்டாங்க. எனக்கு ஒரு வாசனையும் வரலைன்னு குருவாயூரப்பன் மேல சத்தியம் பண்ணினேன். ஒருத்தரும் நம்பலை. வேணும்னே நான்தான் பண்ணினேன்னு என் மகனே நினைக்கறான். இன்னிக்கு வரைக்கும் என்கிட்ட முகம் கொடுத்துப் பேசறதில்ல.”

ஈப்பச்சன் வாசலைப் பார்த்தார். பொன்னப்பன் போய் வாசலில் நின்றுகொண்டான். அந்த ஆள்மேல் கை படக்கூட அவனுக்கு அருவருப்பாக இருந்தது, ஆனாலும் நகரவில்லை.

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சாரே,” என்றாள் தேவயானி. அவள் குரல் உயரவில்லை. “உனக்கு மூக்கு இல்ல, அடுப்புப் பக்கம் ஜாக்கிரதையா இருன்னு ஒரு வார்த்தை. அன்னைக்கு அவர் பீடி பத்த வைக்கணும்னாரு. தீப்பெட்டியை எடுத்துக் கொடுத்தது நான்தான்.”

நீரஜா எழுந்து தேவயானியின் பக்கம் போனாள். தேவயானி அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

“நாளைக்கு நான் வரேன் மோளே. நீ என் மகனுக்குப் போன் போட்டு, அவனையும் வரச் சொல்லு.”